கதிர் அறைக்கு முன்னால்: புற்றுநோயாளியின் அச்சமும் மெய்நிகர்க் கண்ணாடியும்

வாய்ப் புற்றுநோய்க்கோ தொண்டைப் புற்றுநோய்க்கோ கதிர்சிகிச்சை தொடங்குமுன் நோயாளிக்கு ஒரு முகமூடி செய்வார்கள். துளைகள் நிறைந்த பிளாஸ்டிக் தகடு ஒன்றைச் சுடுநீரில் முக்கி எடுத்து, அது துவண்டிருக்கும்போதே நெற்றியிலிருந்து தோள் வரை விரித்து அழுத்துவார்கள். சில நிமிடங்களில் அது இறுகி, அந்த ஒரு முகத்துக்கு மட்டுமே பொருந்தும் அச்சாகிவிடும். பிறகு சிகிச்சை நாள்தோறும் நோயாளியைப் படுக்கவைத்து, முகமூடியை மேசையோடு சேர்த்துப் பூட்டுவார்கள். தலையை அசைக்க முடியாது. வாய் திறந்து பேச முடியாது. ஊழியர்கள் வெளியேறிவிடுவார்கள், கனத்த கதவு மூடிக்கொள்ளும். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஏழு வாரம், மொத்தம் 35 முறை, 70 கிரே கதிர். தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு வழக்கமான கணக்கு இது.

உள்ளே வலி எதுவும் கிடையாது. இயந்திரம் சுற்றிவரும் ஓசை கேட்கும், அவ்வளவுதான். ஆனாலும் இந்தப் பத்துப் பதினைந்து நிமிடங்களை நினைத்து முந்தைய இரவு தூங்காதவர்கள் நிறையப் பேர். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் நடந்த ஓர் ஆய்வு, முகமூடி அணிந்து கதிர்சிகிச்சை பெறுவோரில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் அந்த முகமூடியாலேயே குறிப்பிடத்தக்க மனக்கலக்கம் அடைவதாகக் கண்டது. சிலருக்குத் தூக்க மாத்திரை கொடுத்துத்தான் படுக்கவைக்க வேண்டியிருக்கிறது. பயத்தில் நோயாளி அசைந்தால் சிகிச்சையை நிறுத்தி, மறுபடி படம் எடுத்து, இடம் சரிபார்த்துத் தொடங்க வேண்டும். பின்னால் வரிசையில் காத்திருப்பவர்களின் நேரமும் அதோடு போகும். எனவே இந்த அச்சத்தை நோயாளியின் சொந்த விஷயம் என்று ஒதுக்க முடியாது. அது சிகிச்சையின் துல்லியத்தைத் தொடுகிறது.

மேலை நாடுகளில் இதற்கு ஒரு மருந்தாக மெய்நிகர்க் கண்ணாடியை, அதாவது வி.ஆர். கருவியைப் பல ஆண்டுகளாகப் பரிசோதித்து வருகிறார்கள். அந்தச் சோதனைகள் எதைக் காட்டின, எதைக் காட்டவில்லை, தூத்துக்குடி போன்ற ஒரு கடற்கரை ஊரின் அரசு மருத்துவமனைக்கு அவற்றால் என்ன பயன் என்பதுதான் இங்கே கேள்வி. 2000-இல் தொடங்கிய தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் இன்று கதிர் செலுத்தும் நேரியல் முடுக்கி இருக்கிறது. ஒரு காலத்தில் கதிர்சிகிச்சை என்றால் நெய்யூருக்கோ மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ பஸ் ஏற வேண்டும், அல்லது முத்துநகர் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய் அடையாற்றில் அறை தேட வேண்டும். இயந்திரம் ஊருக்கு வந்தது பெரிய காரியம். அதனோடு பயமும் ஊருக்குள் வந்திருக்கிறது.

அந்தப் பயத்துக்கு இந்தக் கரையில் ஒரு தனி வரலாறு உண்டு. கூடங்குளம் அணு உலையை எதிர்த்து இடிந்தகரையில் 2011-இல் மீனவக் குடும்பங்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தபோது, பெரியதாழையிலிருந்து கன்னியாகுமரி வரை ‘கதிர்வீச்சு’ என்ற சொல் கோயில் முற்றத்திலும் மீன் ஏலத்திலும் பேசப்பட்டது. தெற்கே மணவாளக்குறிச்சியில் கடல்மணலிலேயே கதிரியக்கம் இருக்கிறது, அதை அள்ளும் ஆலைக்கு எதிராகவும் குரல்கள் உண்டு. தூத்துக்குடியில் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டம் 2018 மே 22 அன்று துப்பாக்கிச்சூட்டில் முடிந்து, 13 பேர் உயிரிழந்தார்கள். அந்தப் போராட்டத்தில் ஊர் எழுப்பிய அச்சங்களில் புற்றுநோயும் ஒன்று. இப்படிப்பட்ட ஊரில் ஒரு மருத்துவர் “கதிர் கொடுத்தால் சரியாகிவிடும், ஒன்றும் ஆகாது” என்று சொல்கிறார். எந்தக் கதிரை எதிர்த்துப் பந்தலில் உட்கார்ந்தார்களோ அதே கதிர் இப்போது மருந்தாகிறது. ‘ஒன்றும் ஆகாது’ என்ற வாக்குறுதியை இந்தக் கரை பல வாயால் கேட்டுச் சலித்திருக்கிறது. நோயாளி வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் வீட்டார் கேட்பார்கள்: ‘கரண்ட்’ வைத்துவிட்டு, அதாவது கதிர்சிகிச்சை எடுத்துவிட்டு, வந்தவர் பேரப்பிள்ளையைத் தூக்கலாமா? ஒரே பாயில் படுக்கலாமா? வெளியிலிருந்து செலுத்தும் கதிர்சிகிச்சையில் இயந்திரத்தை நிறுத்தியதும் கதிர் நின்றுவிடுகிறது, உடம்பில் எதுவும் தங்குவதில்லை என்பதே உண்மை. இந்த ஒரு வாக்கியத்தை யார், எப்போது, எந்த மொழியில் சொல்கிறார்கள் என்பதில்தான் பாதிச் சிகிச்சை இருக்கிறது.

தென்கோடிக்குக் கதிர்சிகிச்சை புதிதல்ல. 1838-இல் லண்டன் மிஷன் தொடங்கிய நெய்யூர் மருத்துவமனைக்கு, 1922 எவரெஸ்ட் பயணத்தில் இருந்த அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல் மலையிலிருந்து இறங்கி வந்து சேர்ந்தார். அவரும் அவருடைய சகாக்களும் அங்கே வாய்ப் புற்றுநோய்க்கு ரேடியம் கொண்டு சிகிச்சை அளித்தார்கள். அதே மருத்துவமனையின் ‘ஓர்’ (Orr) என்ற மருத்துவர், வெற்றிலை போடுவோருக்கு வரும் வாய்ப் புற்றுநோயைப் பற்றி 1933-இல் ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. சென்னையில் பர்னார்ட் கதிரியல் நிலையம் 1934-இல் வந்தது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது, 1957-இல் அங்கே கோபால்ட் இயந்திரம் வந்தது. இந்த வரிசையில் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே மனத்துக்கும் ஓர் இடம் வேண்டும் என்று நிறுவனமாகச் செயல்பட்டதும் அடையாறுதான். அங்கே உளவியல் பிரிவு உருவானது. தமிழ் நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்க அவர்களுக்கு ஏற்ற வினாத்தாளை அங்குள்ளவர்களே தயாரித்து, 2005-இல் அதன் சோதனை முடிவுகளை வெளியிட்டார்கள். மெய்நிகர்க் கருவியைப் பற்றிப் பேசுமுன் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பயத்தை அளக்க நம்மிடம் அளவுகோல் இல்லாவிட்டால் அது குறைந்தது என்று சொல்லவும் வழி இல்லை.

மெய்நிகர் சிகிச்சை இரண்டு வெவ்வேறு வேர்களிலிருந்து வளர்ந்தது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பத்திரிகைச் செய்திகள் மிகைப்படுகின்றன.

முதல் வேர் கவனத்தைத் திருப்புவது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹன்டர் ஹாஃப்மன் தீக்காய நோயாளிகளுக்காக ‘ஸ்னோ வேர்ல்ட்’ என்ற பனி உலகை உருவாக்கினார். புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது நோயாளி பனிப் பள்ளத்தாக்கில் பறந்தபடி பனிப்பந்து எறிந்துகொண்டிருப்பார். மூளைக்கு வலியைக் கவனிக்க நேரம் இருக்காது. 2000-இல் வெளியான அவர் குழுவின் முதல் அறிக்கை வெறும் இரண்டு இளைஞர்களைப் பற்றியது. பின்னால் வந்த ஆய்வுகள் அந்தக் கருத்துக்கு வலுச் சேர்த்தன. இதையே அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சூசன் ஷ்னைடர் கீமோதெரபி நோயாளிகளிடம் முயன்றார். 2007-இல் அவர் வெளியிட்ட 123 பேர் ஆய்வை நான் அடிக்கடி நினைப்பதுண்டு, ஏனென்றால் அதன் முடிவு நேர்மையானது. கண்ணாடி அணிந்தவர்களுக்கு நேரம் போனதே தெரியவில்லை, அடுத்த முறையும் அணிய விரும்பினார்கள். ஆனால் நோயின் தொல்லைகள் குறைந்தன என்று புள்ளியியல்படி காட்ட முடியவில்லை. இத்தாலியில் மார்பகப் புற்றுநோய்ப் பெண்களிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வு, மெய்நிகரும் சரி, வெறும் இசையும் சரி, இரண்டுமே பதற்றத்தைக் குறைத்ததாகச் சொன்னது. மெய்நிகர் சற்றுக் கூடுதலாகக் குறைத்தது. அந்தச் ‘சற்று’ எவ்வளவு என்பது ஒரு சிறு மருத்துவமனையின் கணக்குப் பிள்ளைக்கு முக்கியமான கேள்வி.

இரண்டாவது வேர் இதற்கு நேர் எதிரானது. பயப்படும் பொருளிலிருந்து கவனத்தை விலக்காமல், அதையே சிறிது சிறிதாகக் காட்டிப் பழக்குவது. உயரத்தைக் கண்டு அஞ்சுவோரை மெய்நிகர்ப் பாலங்களிலும் மின்தூக்கிகளிலும் ஏற்றிப் பழக்கியதை பார்பரா ராத்பாமும் லாரி ஹாட்ஜஸும் 1995-இல் வெளியிட்டார்கள். கதிர்சிகிச்சைக்கு உண்மையில் பயன்படுவது இந்த வேர் என்பது என் கணிப்பு. காரணம் எளிது: கதிர் அறைக்குள் கண்ணாடி போக முடியாது. முகமூடி பூட்டிய முகத்தில் அதற்கு இடமில்லை, கதிர் பாயும் பாதையில் மின்னணுப் பொருளை வைக்கவும் கூடாது. கண்ணாடியின் வேலை அறைக்கு வெளியே, அதற்கு முந்தைய நாட்களில் முடிந்துவிட வேண்டும். வெளியே அரை மணி நேரம் பனிமலையில் பறந்துவிட்டு உள்ளே போனால் மலை வெளியிலேயே தங்கிவிடும். முன்கூட்டி அறையைப் பார்த்துவிட்டு உள்ளே போனாலோ, பார்த்தது உள்ளேயும் துணைக்கு வரும்.

இங்கிலாந்தில் இதற்கு வாய்ப்பு தற்செயலாகக் கிடைத்தது. ஹல் பல்கலைக்கழகத்தில் உருவான ‘வெர்ட்’ என்ற மெய்நிகர்க் கதிர்சிகிச்சை அறை, மாணவர்களுக்கு இயந்திரத்தை இயக்கக் கற்றுத்தர வந்தது. பெரிய திரை, முப்பரிமாணக் கண்ணாடி, ஆளுயர இயந்திரம். அரசு நிதியில் அது 2008-ஐ ஒட்டிப் பல மருத்துவமனைகளுக்குப் போனது. மாணவர்கள் இல்லாத நேரத்தில் நோயாளிகளையும் குடும்பத்தையும் உட்காரவைத்துக் காட்டலாமே என்று ஊழியர்கள் தொடங்கினார்கள். கதிர் உடம்பில் எங்கே புகுகிறது, எந்த உறுப்பைத் தவிர்த்துச் செல்கிறது என்பதை அதில் வண்ணத்தில் காட்ட முடிந்தது. ஆஸ்திரேலியாவில் யோபெல்லி ஹிமெனெஸும் சகாக்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப் பார்த்த மார்பகப் புற்றுநோய்ப் பெண்களுக்குச் சிகிச்சையைப் பற்றிய அறிவும், சிகிச்சை அனுபவம் குறித்த நிறைவும் கூடியிருந்தன. ஆய்வில் இருந்தவர்கள் நாற்பது பேர்கூட இல்லை. தலையில் அணியும் கண்ணாடி மலிவான பிறகு அமெரிக்காவிலும் சீனாவிலும் நடந்த முயற்சிகளும் பெரும்பாலும் இதே அளவுதான்: சில பத்து நோயாளிகள், ஒரே மருத்துவமனை, பதற்றம் குறைந்தது என்ற முடிவு.

இந்த முடிவுகளை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. கண்ணாடி அணிந்த குழுவை எதனோடு ஒப்பிட்டார்கள்? பெரும்பாலும் ‘வழக்கமான கவனிப்பு’டன். அதாவது கையில் ஒரு துண்டுத்தாள், அவசரத்தில் இரண்டு வார்த்தை. கண்ணாடிக் குழுவுக்கோ ஓர் ஊழியர் பக்கத்தில் உட்கார்ந்து, பட்டையைச் சரிசெய்து, “தெரிகிறதா?” என்று கேட்டு, முடிந்ததும் சந்தேகம் தீர்த்து அனுப்பியிருக்கிறார். பதற்றத்தைக் குறைத்தது கண்ணாடியா, அந்த ஊழியரா? மருந்துச் சோதனையில் சர்க்கரை மாத்திரை கொடுத்து, யாருக்கு எது என்பதை மறைக்கலாம். தலையில் கண்ணாடி இருப்பதை யாரிடம் மறைப்பது? மேலும் ஒரு சங்கடம்: முதல் நாளில் உச்சத்தில் இருக்கும் பதற்றம், எதுவும் செய்யாவிட்டாலும் பெரும்பாலானவர்களுக்கு அடுத்தடுத்த நாட்களில் தானாகவே தணிகிறது. முன்னும் பின்னும் அளந்துவிட்டு, ஒப்பிட ஆளில்லாமல் ‘குறைந்தது’ என்று எழுதும் கட்டுரைகளை ஓரமாக வைத்துவிடலாம்.

ஆஸ்திரேலியாவிலேயே ஜார்ஜியா ஹால்கெட் தலைமையில் நடந்த மற்றொரு பெரிய சோதனையில் கண்ணாடியே கிடையாது. சிகிச்சை தரும் தொழில்நுட்பர் நோயாளியோடு இரண்டு முறை உட்கார்ந்து பேசினார்: திட்டமிடும் சி.டி. ஸ்கேனுக்கு முன் ஒரு முறை, முதல் சிகிச்சைக்கு முன் ஒரு முறை. அவ்வளவுதான். அதிலும் சிகிச்சைக்கு முந்தைய மனக்கலக்கம் குறைந்தது, அறிவு கூடியது.

கருவி வருவதற்கு வெகு முன்பே, பயத்தைத் தணிக்க ஒருவரை அமர்த்துவதற்குச் செலவு செய்த தொழில் ஒன்று இதே கடலில் நடந்திருக்கிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிக்கப் படகுகள் புறப்படுமுன் கடல்கட்டி என்ற மந்திரக்காரர் சுறாவின் வாயைக் கட்ட வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு மந்திரக்காரருக்குப் போனதாக எழுதியிருக்கிறார். ஆங்கிலேயர் ஆட்சியிலும் அந்த வழக்கம் நிற்கவில்லை. அரசாங்கமே அவரை அமர்த்தியிருந்ததாக அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. மந்திரத்தில் துரைமார்களுக்கு நம்பிக்கை இருந்திருக்காது. ஆனால் அவர் இல்லாமல் குளிகாரர் கடலில் இறங்க மாட்டார் என்பது தெரியும். சுறாவை அவர் கட்டினாரோ இல்லையோ, ஆளை இறக்கினார். அதே படகில் இன்னொருவரும் இருந்தார்: கல்லைக் கட்டிக்கொண்டு அடியில் இறங்கியவரின் கயிற்றைப் பிடித்து மேலே நிற்பவர். கயிறு அசைந்ததும் இழுப்பது அவர் வேலை. அந்த இடத்துக்கு மைத்துனரைத்தான் வைப்பார்கள் என்று இன்றும் சொல்வார்கள். தங்கை தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டானாம். கதிர் அறைக்கு வெளியே கேமராத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் தொழில்நுட்பர்தான் அந்தக் கயிறு பிடிப்பவர். மெய்நிகர்ப் படம் கடல்கட்டியைப் போல அமைந்தால் ஒரு சோதனையில் வெற்றி பெறலாம். கயிறு பிடிப்பவரை நோயாளிக்கு அறிமுகப்படுத்தும்படி அமைந்தால் 35 நாளும் உதவும்.

அப்படியானால் தூத்துக்குடிக்கான படத்தில் என்ன இருக்க வேண்டும்? கடையில் கிடைக்கும் மெய்நிகர்த் தொகுப்புகளைத் திறந்தால் முதலில் வருவது கடற்கரை. அலை, தென்னை, பவளப்பாறை, நீருக்கடியில் மீன்கூட்டம். லண்டன்காரருக்கு அது விடுமுறை. திரேஸ்புரத்துக் கடலோடிக்கு அது வேலைத்தளம். டீசல் விலையும், கிழிந்த வலையும், திரும்பி வராதவர்களும் அதில் இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26-ஐ நேரில் கண்ட ஒரு தாயை, பதற்றம் தணிய வேண்டும் என்று தண்ணீருக்கு அடியில் இறக்குவது என்ன வைத்தியம்? சங்கு குளிக்கப் போய் மூச்சுத் திணறியவருக்கும் அதே கேள்விதான். உப்பளத்தில் வெள்ளை வெயிலில் கண் கூசி உழைத்த பெண்ணுக்குப் பனிமலையின் வெள்ளை எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டுப் பார்க்க வேண்டும். அமைதி தரும் காட்சி எது என்பதை அவரவரிடம் கேட்காமல் முடிவு செய்ய முடியாது.

அறையைக் காட்டும் படத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. அந்த மருத்துவமனையின் அதே நடைபாதை, அதே கதவு, அதே மேசை. முழுச்சுற்றுக் கேமரா ஒன்றை மேசையில் நோயாளியின் தலை இருக்கும் இடத்தில் வைத்து, கதிரை மட்டும் செலுத்தாமல், ஒரு முழுச் சிகிச்சையை எடுத்துவிட்டால் போதும். பச்சை, சிவப்பு லேசர் கோடுகள் உடம்பின் மேல் விழுவதும், ஊழியர்கள் வெளியேறுவதும், கதவு மூடுவதும், இயந்திரத்தின் கை தலைக்கு மேல் சுற்றிவருவதும் நோயாளியின் கண்ணிலிருந்தே தெரியும். குரல் புத்தகத் தமிழாக இருக்கக் கூடாது. “அண்ணாச்சி, நாங்க வெளிய டிவில ஒங்களப் பாத்துக்கிட்டுதான் இருக்கோம். மூச்சு முட்டுற மாதிரி இருந்தா கைய மட்டும் லேசா தூக்குங்க, மெஷின நிப்பாட்டிட்டு உள்ள வந்துருவோம்.” இந்த இரண்டு வரிகளைச் சொல்பவர் நாளை உண்மையில் இயந்திரத்தை இயக்கப்போகும் ஆளாகவே இருந்தால், சினிமா நடிகரின் குரலைவிட நூறு மடங்கு மேல். மார்பில் இட்ட மார்க்கிங் அழியாமல் எப்படிக் குளிப்பது, எத்தனையாவது வாரத்தில் வாய் புண்ணாகும், வீட்டில் குழந்தைகளுக்கு ஆபத்து உண்டா என்பதும் அதிலேயே வரலாம். பக்கவிளைவை மறைத்துவிட்டு ‘பயப்படாதீர்கள்’ என்று மட்டும் சொல்லும் படம் மூன்றாவது வாரத்தில் பொய்யாகிவிடும். அதற்குப் பிறகு அந்தக் குரல் சொல்லும் எதையும் நோயாளி நம்பமாட்டார்.

இடது மார்பகப் புற்றுநோய்க்கு மூச்சை இழுத்து அடக்கச் சொல்வார்கள். நுரையீரல் விரியும்போது இதயம் கதிரின் பாதையிலிருந்து விலகும். ஒவ்வொரு முறையும் இருபது விநாடி அளவில் அடக்க வேண்டும். சரியாக அடக்கியிருக்கிறோமா என்று நோயாளிக்குக் கோடாகக் காட்டும் திரைக்கண்ணாடிகள் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளன. இதை வீட்டிலோ காத்திருக்கும் கூடத்திலோ முன்கூட்டிப் பழக மெய்நிகர் நல்ல கருவியாகும். இங்கே அதன் பயனை விநாடியில் அளந்துவிடலாம் என்பது கூடுதல் வசதி.

எல்லோருக்கும் இது ஆகாது. தலையில் அணிந்த காட்சி நகர, உடம்பு அசையாமல் இருக்க, சிலருக்குக் குமட்டும். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறிக்கொண்டிருப்பவருக்குக் குமட்டல் ஏற்கெனவே இருக்கிறது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும் மூளையில் கட்டி உள்ள பலருக்கும் கண்ணாடியைத் தவிர்ப்பதே நல்லது. தாடையில் அறுவை செய்து சதை வைத்துத் தைத்தவர், மூக்கில் உணவுக் குழாய் உள்ளவர் ஆகியோருக்குப் பட்டை எங்கே பொருந்தும்? வெள்ளணு குறைந்த ஒருவர் அணிந்து கழற்றியதை அடுத்தவருக்குத் துடைக்காமல் கொடுக்க முடியாது. அதைத் துடைக்க ஓர் ஆள் வேண்டும். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு உள்ளே கருவி வைத்துத் தரும் சிகிச்சையின் அச்சமும் கூச்சமும் வேறு வகை. அதற்கு இந்தப் படம் பொருந்தாது. பெண் ஊழியர் ஒருவர் தனியறையில் பேச வேண்டிய பேச்சு அது.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நேரியல் முடுக்கியின் விலை கோடிகளில் போகிறது. கண்ணாடி சில பத்தாயிரம். அட்டைப்பெட்டியில் செல்போனைச் செருகிப் பார்க்கும் முறையை கூகுள் 2014-இல் கொண்டுவந்து 2021-இல் விற்பனையை நிறுத்திவிட்டது. ஆனால் அந்த அமைப்பில் மறைவொன்றும் இல்லை, இரண்டு லென்ஸும் அட்டையும்தான். ஆக, கருவி வாங்குவது கடினமல்ல. நம் அரசு மருத்துவமனைகளில் பஞ்சம் ஆளுக்கு. பத்து லட்சம் மக்களுக்கு ஓர் இயந்திரமாவது வேண்டும் என்பது உலக அளவிலான கணக்கு. இந்தியாவில் இருப்பது அதில் ஏறக்குறைய பாதி. இருக்கும் இயந்திரம் காலை முதல் இரவு வரை ஓடுகிறது, அதை ஓட்டுபவருக்கு உட்கார்ந்து பேச நேரமில்லை. ‘பேச ஆள் இல்லை, அதனால் கண்ணாடி’ என்று தொடங்கினால், கண்ணாடியை மாட்டிவிடவும் ஆள் இருக்காது. ஆறு மாதத்தில் அது அலமாரிக்குப் போகும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உப்பளத் தொழிலாளிக்கு ஏழு வாரக் கூலி போவது பெரிய பதற்றம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைச் செலவு அடங்கலாம்; பஸ் கட்டணமும் துணைக்கு வருபவரின் கூலியும் அதில் இல்லை. இதை எந்தக் கண்ணாடியும் தணிக்காது. மார்பகப் புற்றுநோய்க்கு 25 நாள் தந்த கதிரை 15 நாளில் தரலாம் என்று பிரிட்டனின் ஸ்டார்ட் ஆய்வுகள் 2008-இல் காட்டின. பத்து நாள் குறைவது எந்த மெய்நிகரையும்விடப் பெரிய ஆறுதல் என்று சொல்லும் நோயாளிகள் இருப்பார்கள். அவர்களோடு வாதிட எனக்கு விருப்பமில்லை.

எனவே தூத்துக்குடியிலோ நெல்லையிலோ நெய்யூரிலோ இதைச் சோதித்துப் பார்க்க யாராவது முன்வந்தால், கண்ணாடிக் குழு, துண்டுத்தாள் குழு என்று இரண்டாகப் பிரிக்கக் கூடாது என்பது என் வேண்டுகோள். மூன்று குழுக்கள் வேண்டும். ஒரு குழுவுக்கு அதே படத்தைக் கண்ணாடியில் காட்டலாம். இன்னொரு குழுவுக்கு அதையே காத்திருக்கும் கூடத்து டிவியிலோ நோயாளியின் மகன் வைத்திருக்கும் செல்போனிலோ காட்டலாம். மூன்றாவது குழுவோடு தொழில்நுட்பர் கால் மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். எந்தக் குழுவானாலும் ஊழியர் செலவிடும் நேரம் ஒன்றாக இருக்க வேண்டும். பதற்றத்தைத் தமிழ் வினாத்தாளில் முதல் நாள், ஐந்தாம் நாள், பதினைந்தாம் நாள் அளக்கலாம். அதோடு சிகிச்சை எத்தனை முறை பாதியில் நின்றது, எத்தனை பேருக்குத் தூக்க மாத்திரை தேவைப்பட்டது, எத்தனை பேர் நடுவில் வராமல் நின்றார்கள் என்பதையும் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடலாம். அதற்குத் தனிச் செலவே இல்லை. செல்போன் படமே கண்ணாடிக்கு இணையாக வேலை செய்தால், கண்ணாடி வாங்க ஒதுக்கிய பணத்தில் இன்னொரு தொழில்நுட்பரின் சில மாதச் சம்பளத்தைக் கொடுக்கலாம்.